ஷாகிரா போடாத கையெழுத்து

வேங்கிக்காலில் பேருந்துக்காக நின்றிருந்தபோது ஷாகிராவின் தம்பி கைபேசியில் அழைத்தார். "அக்கா காலைல தவறிட்டாங்க. உங்களுக்குச் சொல்லணும்னு தோணுச்சு." மாரடைப்பு. வயது ஐம்பத்திரண்டு.

திருவண்ணாமலையில் ஒரு தனியார் பரிசோதனை நிலையத்தில் நாங்கள் பதினோரு ஆண்டுகள் அடுத்தடுத்த மேசையில் வேலை பார்த்தோம். நோயாளிகளின் மாதிரிகளை மாற்றிவிட்டதால் அவரை வெளியே அனுப்பினார்கள் என்றுதான் உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது பொய். பொய் என்று தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்தவள் நான்.

நடந்தது இதுதான். முதலாளி புதிதாக ஒரு பரிசோதனையைக் கொண்டுவந்தார். மனநிலையோடு தொடர்புள்ள செரடோனின் என்ற இரசாயனத்தைச் சிறுநீரில் அளந்து, மூளையில் அது எவ்வளவு இருக்கிறது என்று மனச்சோர்வு உள்ளவர்களுக்கு அறிக்கை தருவது. ஷாகிரா மாணவியாக இருந்தபோது, மூளைக்குள் நடப்பதை வெளியிலிருந்து மதிப்பிடுவதற்காக முதுகுத்தண்டு நீரை ஆய்வு செய்தவர். முதலாளியிடம் நேராகவே கேட்டார்.

"முதுகுத்தண்டு நீர்லயே மூளையோட பங்கு எவ்ளோன்னு பிரிக்கத் திணறுவோம் சார். இது வெறும் சிறுநீர். உடம்புல செரடோனின் ஜாஸ்தியா உண்டாவுறது குடல்ல. இத வெச்சு மூளையில கம்மின்னு எப்படிச் சொல்றது?"

"மிஷின்ல நம்பர் வருதில்ல? அத எழுதுங்க போதும்."

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒருவர் மகளை அழைத்து வந்தார். கல்லூரிப் பெண். மாதக்கணக்கில் தூக்கமில்லை, பேச்சில்லை. 'மூளை இரசாயனம் இயல்பு' என்று அறிக்கை தயாரானது. ஷாகிரா கையெழுத்துப் போட மறுத்தார். முதலாளி தாளை என் பக்கம் நகர்த்தினார். போட்டேன். வாசலைத் தாண்டுவதற்குள் தகப்பனார் கத்தியது உள்ளே கேட்டது. "ஒண்ணுமில்லன்னு எழுதியே குடுத்துட்டாங்க. இத்தன நாளா நடிச்சியா?"

மறுநாள் ஷாகிரா விடுப்புப் போட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனார். அந்தத் தாள் மகளின் மனதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று விளக்கி, அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் தானே கூட்டிப்போனார். விஷயம் முதலாளிக்குத் தெரிந்த அன்றே ஷாகிராவின் வேலை போனது. பையை எடுத்துக்கொண்டு என் மேசையருகே நின்றார். "தெரிஞ்சிதான போட்ட?" என்றார். குரலை உயர்த்தவில்லை. நான் அடுத்த மாதிரியின் எண்ணைப் பதிவேட்டில் எழுதினேன்.

அதன்பின் இந்த ஊரில் எந்தப் பரிசோதனை நிலையமும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. முதலாளி கட்டிவிட்ட, மாதிரி மாற்றிய கதை அவருக்கு முன்பே எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

நேற்று துக்கத்துக்குப் போனபோது ஷாகிரா வீட்டில் அந்தக் கீழ்பென்னாத்தூர்ப் பெண்ணைப் பார்த்தேன். இப்போது பள்ளி ஆசிரியை. என்னை அடையாளம் தெரியவில்லை. "மேடம் கூட வேல செஞ்சவங்களா? குடுத்து வெச்சவங்க நீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். தலையாட்டினேன்.

வெளியே அனுப்பியவர்களே இப்போது எங்கள் நிலைய வாசலில் ஷாகிராவின் படத்தை அஞ்சலி என்று அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பரிசோதனையும் தொடர்ந்து நடக்கிறது. படத்துக்குக் கீழே போட நல்லதாக இரண்டு வரி எழுதித் தரும்படி முதலாளி கேட்டார். எழுத உட்கார்ந்தபோது இதுதான் வந்தது. முதலாளியிடம் தரவில்லை, ஷாகிராவை அறிந்த உங்களிடம் தருகிறேன். அவரிடமிருந்து துணிச்சலைப் பெற்றுக்கொண்டேன் என்று முடிக்க ஆசைதான். அவர் உயிரோடு இருந்தபோது இதை எழுதியிருந்தால் அப்படி முடித்திருக்கலாம். இப்போது என்னிடம் இருப்பது வெட்கம் மட்டுமே.