பசியாவரத்துக்கு நெருப்பு கொண்டுபோன கதை

(கோட்டை ரொட்டிச் சூளைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பெண்கள் கேட்டதால் இதைச் சொல்கிறேன். எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல, கோயில் பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுதுகிறார்.)

சிலுவைக் கோடு

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேஸ்திரியிடம் திட்டு வாங்கினேன். பிசைந்து உருட்டி வைத்த மாவின் தலையில் கத்தியால் சிலுவை கீறியதற்காக.

மேஸ்திரியின் பெயர் பியேத்தர். ஒல்லாந்துக்காரர். பழவேற்காட்டுக் கோட்டைக்குச் சிப்பாயாக வந்து, கால் ஊனமான பிறகு ரொட்டிச் சூளைக்கு மாற்றப்பட்டவர். நான் வேதக்காரக் குடும்பம். என் கணவர் காய்ச்சலில் போன பிறகு பிழைப்புக்காகச் சூளைக்கு வந்தேன். எங்கள் வீட்டில் எந்த வேலையானாலும் சிலுவை போட்டுவிட்டுத்தான் தொடங்குவோம். அவருடைய சபையில் அந்த வழக்கம் இல்லை.

"ரொட்டி மேல இன்னா கோடு? இது கோயில் இல்லை, சூளை" என்றார். அவர் தமிழைக் கோட்டை வாசலில் மீன்காரப் பெண்களிடம் கற்றவர். ஆண், பெண், நான், நீ எல்லாம் அவர் வாயில் ஒன்றுதான்.

சூளை வேலை என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உள்ளே விறகை அடுக்கி எரித்து, சுவர் வெள்ளையாகச் சூடேறியதும் தணலை வெளியே வாரிவிட வேண்டும். ஈரச் சாக்கால் தரையைத் துடைத்து, கள் ஊற்றிப் புளிக்கவைத்த மாவைத் தட்டோடு உள்ளே தள்ளி, வாயை மூடிவிட வேண்டும். அந்தச் சூட்டிலேயே ரொட்டி வெந்துவிடும். அன்றைக்கு நான் கீறிய ரொட்டிகள் அழகாக மலர்ந்து வந்தன. கீறாதவை பக்கவாட்டில் வெடித்திருந்தன. பியேத்தர் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தார். மறுநாள் மெல்லிய கத்தி ஒன்றை என்னிடம் நீட்டினார். அதற்குப் பிறகு கோட்டையில் எல்லா ரொட்டியிலும் அந்தக் கோடு உண்டு. "மரியா கோடு போட்டானா?" என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் சூளை வாயைத் திறப்பார்.

புகை இல்லாத ஊர்

ஒரு கார்த்திகை மாதம் பெரிய புயல் அடித்தது. கப்பலுக்கென்று பிஸ்கோத்து சுட்டு மூட்டை மூட்டையாக வைத்திருந்தோம். பிஸ்கோத்து என்பது இரண்டு தடவை சுட்ட ரொட்டி. கல் மாதிரி இருக்கும், மாதக்கணக்கில் கெடாது. காற்றுக்குப் பயந்து அந்தக் கப்பல் நம் கரைக்கு வராமலே போய்விட்டது.

மழை கொஞ்சம் தணிந்த காலையில் என் தம்பி சவரிமுத்து சூளைக்கு வந்தான். ஏரியில் சரக்குப் படகு ஓட்டுகிறவன்.

"அக்கா, பசியாவரம் மொத்தமும் தண்ணில நிக்குது. ஜனங்க மேட்டுல ஏறிக் குந்திங்கிறாங்க. ஒரு வீட்லகூட புகை இல்லக்கா."

பசியாவரம் ஏரிக்கு நடுவில் இருக்கிற தீவு. மீன்பிடிக்கிறவர்கள் ஊர். புகை இல்லை என்றால் உலை ஏறவில்லை என்று அர்த்தம். பசித்தவனுக்குச் சோறு போடுவது கர்த்தருக்கே போடுவது என்று எங்கள் பாதிரியார் அடிக்கடி பிரசங்கம் செய்வார். எனக்கு உடனே பிஸ்கோத்து மூட்டைகள்தான் கண்ணில் பட்டன.

பியேத்தரிடம் சொன்னேன். அவர் காலை இழுத்துக்கொண்டு தளபதியிடம் போய், மூட்டைகளைக் கொடுக்க அனுமதி வாங்கி வந்தார்.

"எடுத்துக்கோ. கேக்கறவனுக்கு எல்லாம் குடு" என்றார்.

படகில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து போனபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கிறிஸ்துமஸ் அன்றைக்குக்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

வேண்டாம் என்றார்கள்

மேட்டில் ஏறினோம். பிள்ளைகள் ஊறவைத்த பச்சரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார்கள். பெண்களில் மூத்தவள் எல்லம்மா முன்னால் வந்தாள். கோட்டை வாசலில் மீன் விற்கிறவள், என் முகம் அவளுக்குத் தெரியும்.

ஒரு பிஸ்கோத்தை எடுத்து முகர்ந்து பார்த்தாள். "இன்னா போட்டு சுட்டதுமா இது?"

"கோதுமை மாவு, உப்பு. புளிக்கிறதுக்குக் கள்ளு."

"தட்டுல ஒட்டாம இருக்க இன்னா தடவுவீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாட்டுக் கொழுப்பு. சூளையில் தினமும் கை வைக்கிற பொருள். அவர்கள் அதைத் தொடமாட்டார்கள் என்பது கரையிலிருந்து கிளம்பும்போது என் புத்தியில் ஏறவில்லை. எண்ணெய் என்று சொல்லியிருந்தால் அங்கேயே எல்லோரும் சாப்பிட்டிருப்பார்கள். பிள்ளைகள் மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் பசியோடு இருக்கிறவளிடம் பொய் சொல்லித் தின்ன வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"மாட்டுக் கொழுப்புக்கா" என்றேன்.

எல்லம்மா பிஸ்கோத்தை மெதுவாக மூட்டைக்குள் திரும்ப வைத்தாள். "வாணாம்மா. கோச்சிக்காத."

சவரிமுத்து என் காதருகே, "சொல்லாம இருந்திருக்கலாமேக்கா" என்று முணுமுணுத்தான்.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. வேதக்காரி கையால் வந்தது என்பதால்தான் ஒதுக்குகிறார்களோ என்றும் ஒரு நினைப்பு. "மழையில இவ்ளோ தூரம் வந்திருக்கோம். அப்போ உங்களுக்கு இன்னாதான்க்கா வேணும்?" என்று கொஞ்சம் வெடுக்கென்றே கேட்டுவிட்டேன்.

அவள் அதைக் கோபமாக எடுத்துக்கொள்ளவில்லை. கேள்வியாகவே எடுத்துக்கொண்டாள்.

"நெருப்பு இருந்தா குடு" என்றாள். "அரிசிப் பானை பரண்ல தப்பிச்சிடுச்சு. மீனு கீது, கரையிலயே துள்ளுது. அடுப்பெல்லாம் தண்ணி பூந்து அணைஞ்சிடுச்சு. சிக்கிமுக்கிக் கல்லு கீது, பத்த வைக்கக் காஞ்ச பஞ்சு இல்ல, காஞ்ச குச்சி இல்ல. எடுத்துனு வரலாம்னா படகுங்க காத்துல போயிடுச்சு. நெருப்பும் கொஞ்சம் வெறகும் குடுத்தின்னா எங்க சோறு நாங்க ஆக்கிக்குவோம்."

தணல்

மூட்டைகளோடு திரும்பி வந்ததைப் பார்த்து பியேத்தர், "ஏன் ரொட்டி திரும்பி வந்தான்?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"நெருப்பு கேட்டானா? நெருப்பு நம்மகிட்ட இருக்கான்" என்றார். பிறகு சூளைக்குப் பின்னால் இருந்த விறகு அடுக்கைப் பார்த்தபடி நின்றார். முற்றத்து விறகெல்லாம் நனைந்து போயிருந்தது. சூளைச் சூட்டில் காய்ந்து கிடந்த அந்த ஒரு அடுக்குதான் மிச்சம். அதைக் கொடுத்துவிட்டால், மற்றது காயும்வரை கோட்டைக்கு ரொட்டி கிடையாது.

மறுபடி தளபதியிடம் போனார். நான் வாசலில் நின்று செபம் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்.

"இன்னா சொன்னாரு?"

"சிப்பாய் இன்னா சாப்பிடுவான்னு கேட்டான். பிஸ்கோத்து சாப்பிடுவான்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"நீயும் அதையே சாப்பிடுன்னு சொன்னான்." பியேத்தருக்கு முன்பற்கள் பாதி கிடையாது.

பெரிய பானை இரண்டு எடுத்தோம். அடியில் சாம்பல் பரப்பி, அதன்மேல் கொட்டாங்கச்சித் தணலைப் போட்டு, மறுபடி சாம்பலால் மூடினோம். சாம்பல் குறைந்தால் தணல் சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடும், அதிகமானால் மூச்சு முட்டி அணைந்துவிடும். அந்தப் பக்குவத்தைப் பியேத்தர் பார்த்துக்கொண்டார். விறகைப் பாய்த்துணியால் சுற்றிக் கட்டினோம். நான் பானைகளை முன்னால் வைத்துக்கொண்டு தாழங்குடையைக் கவிழ்த்துப் பிடித்தேன். சவரிமுத்து கோல் போட்டான்.

நடு ஏரியில் மறுபடி காற்று கிளம்பியது. பக்கவாட்டில் ஒரு அலை வந்து அடித்தது. சூடான பானைமேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பானை படாரென்று இரண்டாகப் பிளந்தது. தணல் சிதறிப் படகுக்குள் இருந்த தண்ணீரில் விழுந்து சீறியது. சவரிமுத்துவின் பாதத்தில் ஒன்று ஒட்டிக்கொண்டது. அவன் கோலை விடவில்லை. "அந்தப் பானையப் புடிக்கா, என்னப் பாக்காத" என்றான்.

மிச்சமிருந்த பானையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். அதற்குக் கீழே ஈரச் சாக்கு, அதற்கும் கீழே என் தொடை. அடுத்தடுத்த அலைகளுக்கு முதுகைக் காட்டினேன். சாக்கு காயக் காயச் சூடு ஏறியது. கர்த்தர் கற்றுக்கொடுத்த பரலோக மந்திரத்தைச் சொல்லத் தொடங்கினேன். பாதிக்குமேல் வார்த்தை வரவில்லை. "அணைஞ்சிடாத, அணைஞ்சிடாத" என்று பானையிடமே பேசிக்கொண்டு போனேன். கர்த்தர் அதையும் செபக் கணக்கில் சேர்த்துக்கொண்டிருப்பார் என்றுதான் நம்புகிறேன்.

கரையில் எல்லம்மா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து பானையை வாங்கினாள். மேட்டில் கல் கூட்டி வைத்திருந்தார்கள். சாம்பலைக் கிளறினாள். மேலே எல்லாம் கறுத்துப் போயிருந்தது. இன்னும் ஆழமாகக் கிளறியபோது, அடியில் பாக்கு அளவுக்குச் சில துண்டுகள் சிவப்பாகக் கிடந்தன. அவற்றை அகப்பையில் எடுத்து, சிராய்களுக்கு நடுவே வைத்து, மண்டியிட்டு ஊதினாள். புகை வந்தது. கொஞ்சம் கழித்துத் தீயும் வந்தது.

அவள் தீயைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். "சரி, அரிசியக் களையுங்கடி" என்று பெண்களை விரட்டினாள்.

அந்த அடுப்பிலிருந்து ஒவ்வொரு குடும்பமும் கொள்ளி எடுத்துக்கொண்டு போய்த் தன் அடுப்பை மூட்டியது. மடவை மீன் குழம்பு கொதிக்கும் வாசனை மேடு முழுக்கப் பரவியது. எல்லம்மா சவரிமுத்துவின் காலில் ஏதோ பச்சிலையைக் கசக்கி வைத்துக் கட்டிவிட்டு, எங்கள் இரண்டு பேருக்கும் முதலில் சோறு போட்டாள். கொண்டுபோய்க் கொடுக்கக் கிளம்பிய நான் அங்கே உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

கோட்டையில் சிப்பாய்கள் விறகு காயும்வரை பிஸ்கோத்தைத்தான் கடித்தார்கள். சூளைப் பக்கம் வந்து பியேத்தரைத் திட்டிவிட்டுப் போவார்கள். அவர் தன் பங்கைக் கஞ்சியில் ஊறவைத்துக் குடித்தபடி, "நல்லா இருக்கான்" என்று அவர்களுக்குக் கேட்கும்படியே சொல்லுவார்.

எல்லம்மா கேட்டது

தை மாதம் எல்லம்மா சூளை வாசலில் வந்து நின்றாள். கையில் கூடை இல்லை.

"மரியம்மா, உனக்கு இன்னா வேணும்?"

"எதுக்குக்கா?"

"மீனு எடுத்தாரலாம்னுதான் கெளம்புனேன். அப்புறம் உங்க வேதத்துல இன்னா மீனு ஆவும், இன்னா ஆவாது, எந்த நாள்ல தின்னுவீங்கன்னு எனக்கு இன்னா தெரியும்? அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

கூலி கொடுத்தவர்கள் உண்டு, பரிதாபப்பட்டுப் பழைய சேலை கொடுத்தவர்கள் உண்டு. என்ன வேண்டும் என்று என்னை யாரும் கேட்டதில்லை. கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டே யோசித்தேன்.

"முகத்துவாரத்தப் பாக்கணும்க்கா" என்றேன். ஏரியும் கடலும் சேருகிற அந்த இடத்தை, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் நான் பார்த்ததில்லை.

"அவ்ளோதானா?" என்றாள். பியேத்தர் உள்ளே இருந்தபடியே, "போயிட்டு வா, மாவு நான் பிசையறான்" என்றார்.

சூளையில் பல வருஷம் வேலை செய்து, பல பேருக்கு வேலை பழக்கிவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். கோயில் காரியமாக எத்தனையோ வீடுகளுக்குப் போகிறேன். பிரசவித்தவள் வீடு, சாவு வீடு, கைகால் விழுந்து கிடப்பவர் வீடு. கையில் எதையாவது எடுத்துக்கொண்டு போகத்தான் இப்போதும் தோன்றுகிறது. ஆனால் வாசலில் நின்று, "இன்னாமா வேணும்?" என்று கேட்காமல் எதையும் இறக்கி வைப்பதில்லை. ஒருத்தி தண்ணீர் எடுத்து வரச் சொல்லுவாள். ஒருத்தி பிள்ளையைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள் என்பாள். ஒன்றும் வேண்டாம், சும்மா குந்து என்பவர்களும் உண்டு. நான் வேலையில் கற்றுக்கொண்டது இதுதான். மாவு பிசைவதை உங்களுக்கு யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள்.

அன்றைக்கு எல்லம்மா தன் அண்ணன் படகில் என்னை ஏற்றிக்கொண்டு போனாள். ஏரித் தண்ணீர் பழுப்பாக வந்து, கடல் தண்ணீர் நீலமாக வந்து, இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நடுவில் நுரைத்துக்கொண்டிருந்தன. கூட்டமாகப் பறவைகள் அந்த நுரைக்கு மேலேயே சுற்றின. காற்று முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. வெயில் ஏறியதும் அவள் நங்கூரக் கல்லைத் தூக்கக் கை வைத்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"போலாமா, இன்னும் கொஞ்ச நேரம் குந்தணுமா?"

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம்க்கா" என்றேன்.

அவள் கல்லை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.