தொக்கம் எடுத்த பிள்ளை

பரமத்தி வேலூர்ப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில் குழந்தை மருத்துவராக இருந்தபோது, தொக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பிள்ளை வாந்தி எடுத்தால் உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது என்பார்கள். அதுதான் தொக்கம். எடுப்பதற்கென்றே ஆட்கள் உண்டு. கழுத்தை நீவி, குழல் வைத்து உறிஞ்சி, ஏதாவது ஒரு துணுக்கைக் கையில் காட்டுவார்கள். பெரும்பாலும் பிள்ளை தானாகவே தேறிவிடும். நல்ல பெயர் அவர்களுக்குப் போய்விடும்.

அன்று மதியம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் ஒருவரும் அவர் மனைவியும் வந்தார்கள். அப்போதுதான் சோறு ஊட்டத் தொடங்கியிருந்த பையன், தாயின் தோளில் கண் மூடிக் கிடந்தான்.

"நேத்தெல்லாம் காலை மடக்கி மடக்கிக் கத்துனானுங்க டாக்டரம்மா. கொஞ்ச நேரம் சும்மா இருப்பான், மறுபடியும் கத்துவான். தொக்கம் எடுத்தோமுங்க. இப்ப அழுவையே இல்லீங்க," என்றாள் அவள். "வாந்தி மட்டும் நிக்கலீங்க. அதுக்கொரு மருந்து குடுத்தாப் போதுமுங்க."

கணவர் சட்டைப்பையிலிருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். தேங்காய்த் துணுக்கு. "இதுதானுங்க உள்ள இருந்துச்சு."

வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு வயிற்றைத் தொட்டேன். வலது பக்கம் கட்டியாகத் தட்டுப்பட்டது. துணியை விலக்கினால் மலத்தில் ரத்தமும் சளியும். குடலுக்குள் குடல் செருகிக்கொண்டிருந்தது. அந்த வலி விட்டு விட்டுத்தான் வரும். இடையில் பிள்ளை சும்மா இருக்கும். நேரத்தோடு வந்தால் பல பிள்ளைகளுக்குக் கத்தி வைக்காமலே சரிசெய்துவிடலாம். இவன் அழுகையை நிறுத்தியிருந்தது, அழத் தெம்பில்லாமல்.

நரம்பு தேடி ஊசி குத்தினேன். கிடைக்கவில்லை. மறுபடி குத்தினேன். அவன் முகம்கூடச் சுளிக்கவில்லை.

"ஊசின்னா ஊரையே கூட்டுவானுங்க. இன்னிக்குப் பாருங்க, எவ்வளவு சமத்தா இருக்கான்," என்றாள் அவள். அதில் பெருமை இருந்தது. மூன்றாவது தடவை குத்தியதில்தான் நரம்பு கிடைத்தது.

குழந்தைகளுக்கு அறுவை செய்பவர் சேலத்தில்தான் இருந்தார். போனில் சொல்லிவிட்டு, சலைன் ஏற்றி, ஆம்புலன்ஸில் நானும் ஏறிக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. படித்த படிப்பையெல்லாம் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். நாமக்கல் தாண்டியதும் பொறுக்க முடியாமல் அவன் உள்ளங்காலைச் சுண்டினேன். இன்னும் அழுத்திச் சுண்டினேன். "அழு சாமி, ஒரே ஒரு தடவை அழு," என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அவள் என் கையைப் பிடித்துத் தடுத்தாள். "தூங்கற பையன எதுக்குங்க அழுவ வெக்கிறீங்க?"

அழுதால் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம், அழாமல் கிடப்பதுதான் பயமாக இருக்கிறது என்றேன். அதற்கு மேல் சொல்ல மனம் வரவில்லை. என் கையை விட்டாள். பிறகு குனிந்து, அவளே அவன் காலைச் சுண்டத் தொடங்கினாள். சேலம் வரும்வரை நிறுத்தவில்லை.

அறுவை அரங்கின் கதவுக்கு வெளியே மூவரும் நின்றோம். கணவர் அந்தப் பொட்டலத்தை இன்னும் கையிலேயே வைத்திருந்தார். வெகுநேரம் கழித்து அறுவை மருத்துவர் வெளியே வந்தார். பையன் பிழைக்கவில்லை என்பது அவர் நடையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் வாய் திறக்குமுன் அவள் முந்திக்கொண்டு கேட்டாள்.

"உள்ள அழுதானுங்களா டாக்டர்?"

அவருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. என்னைப் பார்த்தார்.