செயலாளருக்கு நாங்கள் கொடுத்த தைரியம்

கரும்பலகையில் ஒரு வரி எழுதினார் எங்கள் செயலாளர். அடுத்த வரியையும் அதன் மேலேயே எழுதினார். ராயக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைக் கூட்டம். எங்கள் ஆசிரியர் சங்கத்தில் மாதம் ஒருவர் மற்றவர்கள் முன்னால் மாதிரிப் பாடம் நடத்த வேண்டும். முடிந்ததும் முதலில் இரண்டு நல்லது சொல்லிவிட்டுத்தான் ஒரு குறை சொல்லலாம். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவரே அவர்தான். முன்வரிசைப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஏதோ விளையாட்டுக் காட்டுகிறார் என்று நாங்களும் சிரித்தோம். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே அவரும் திரும்பி நின்று எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. ஒசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தன. எங்களில் முக்கால்வாசிப் பேர் ஓராசிரியர் பள்ளிக்காரர்கள். வாத்தியார், ஹெட்மாஸ்டர், மணி அடிப்பவர் எல்லாம் ஒரே ஆள். பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு, மீதியில் பாதிப் பேர் கன்னடம். நாட்றாம்பாளையம் பக்கம் காட்டோரத்தில் மாட்டிக்கொண்ட ஒருவர், பெரியவர்களோடு வாய்விட்டுப் பேசுவதே மாதக் கூட்டத்தில்தான் என்பார். இப்படிச் சிதறிக் கிடந்தவர்களை ஒன்றாக்கியவர் செயலாளர். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்து ஊர்க்காரர்கள் முறை வைத்துப் போய் அவர் பள்ளியையும் பார்த்துக்கொள்வோம். ஒரு பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் எல்லாப் பள்ளிகளின் தேசப்படமும் உலக உருண்டையும் சைக்கிள் ஏறி அங்கே போய்ச் சேர்ந்துவிடும். எங்களைப் போல ஒற்றுமையான கூட்டம் உலகத்தில் கிடையாது என்று எனக்கு அப்போது மண்டைக் கனம் கொஞ்சம் இருந்தது.

அன்று கூட்டம் கலைந்த பிறகு மூன்று பேரை மட்டும் இருக்கச் சொன்னார். பேரிகைப் பள்ளியின் தெலுங்கு ஆசிரியர், ராயக்கோட்டை டீச்சர், நான். விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது, பக்கவாட்டில் வருவது எதுவும் தெரிவதில்லை, சைக்கிளில் போய் ஒரு ஆட்டின் மேல் மோதிவிட்டேன் என்று வேறு யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னார். பிறகு, "பெங்களூர் கண்ணாஸ்பத்திரியில ஒருக்கா காட்டிட்டு வந்துரலாமான்னு பாக்கறேன்" என்றார்.

போயிருக்கலாம். ஒசூரில் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். ஆனால் நாங்கள் வாத்தியார்கள். எங்களுக்குத் தெரிந்த பெரிய ஆபத்து இன்ஸ்பெக்டர் ஒருவர்தான். உட்கார்ந்து யோசித்தோம். ஆஸ்பத்திரிக்குப் போனால் படுக்கச் சொல்வார்கள், படுத்தால் லீவு, லீவுக்கு டாக்டர் சர்டிபிகேட், அதில் கண் என்று எழுதியிருக்கும், ஆபீசில் அதைப் படித்ததும் வேலைக்குத் தகுதியில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவருக்கு நாலு பிள்ளைகள். பேரிகைக்காரர்தான் முதலில் சொன்னார். அவர் சொல்லாவிட்டால் நான் சொல்லியிருப்பேன். "நாங்க இத்தன பேரு இருக்கறோம், நீங்க ஏன் சார் பயப்படறீங்க? வருஷ இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

அவர் முகம் தெளிந்துவிட்டது. எங்களுக்கும் மனசு நிறைந்துவிட்டது. ராயக்கோட்டை டீச்சர் மட்டும், கண் விஷயத்தைத் தள்ளிப்போடுவது சரியில்லை என்று சொல்லிப் பார்த்தார். அவரைத் தைரியமிழக்க வைக்காதீர்கள் என்று அந்த அம்மாளை நான்தான் அடக்கினேன்.

பிறகு வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். பேரிகைக்காரர் செயலாளரின் கையெழுத்தை அப்படியே பழகிக்கொண்டு வாராவாரம் பாடக்குறிப்பு எழுதினார். நான் வருகைப் பதிவேட்டை முடித்துக் கொடுத்தேன். டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பாடப் புத்தகங்களை உரக்க வாசிப்பார், செயலாளர் மனப்பாடம் செய்துகொள்வார். அவர் பள்ளிக் கரும்பலகையில் கோடு தெரியாது என்பதற்காக ஆணியடித்து மூன்று நூல் இழுத்துக் கட்டினோம், விரலால் தடவிப் பார்த்து எழுதலாம். எந்தப் பிள்ளை எங்கே உட்கார வேண்டும், இன்ஸ்பெக்டரின் நாற்காலி எங்கே, தேசப்படம் மாட்டிய ஆணியிலிருந்து சேலம் எத்தனை விரல் கீழே, எல்லாம் ஒத்திகை. இன்ஸ்பெக்டர் வந்தார், பார்த்தார், 'திருப்தி' என்று எழுதிவிட்டுப் போனார். நாங்கள் காராபூந்தியும் காபியும் வாங்கிக் கொண்டாடினோம். அவ்வளவு சுலபமாக நடந்துவிட்டதால், அடுத்த வருஷத்தையும் இப்படியே ஓட்டிவிடலாம் என்று தோன்றிவிட்டது. அவரும் பெங்களூர்ப் பேச்சை எடுப்பதை விட்டுவிட்டார். இவ்வளவு பேர் பாடுபடும்போது தன் கண்ணைப் பற்றிப் பேசுவது நன்றிகெட்டதனம் என்று நினைத்திருப்பார்.

இதில் என் வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. அந்த இரண்டு வருஷத்தில் நான் பெங்களூருக்கு ஐந்தாறு தடவை போனேன். அவருக்காகத்தான் போனேன், தூரத்திலிருந்தும் தெரிகிற பெரிய எழுத்துத் தேசப்படம் வாங்க.

இரண்டாவது இன்ஸ்பெக்‌ஷனும் 'திருப்தி'யோடு முடிந்தது. அடுத்த மாதமே ஒருநாள் நல்ல வெயிலில், பள்ளி வாசலில் நின்றுகொண்டு, மழை இருட்டிக்கொண்டு வருகிறதா என்று கேட்டார். அதன் பிறகுதான் அழைத்துப் போனோம். டாக்டர் கன்னடக்காரர். விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "இஷ்டு தின ஏன் மாட்தித்ரி?" என்றார். இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று. எங்கள் பக்கம் கன்னடம் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டது, ஆரம்பத்தில் வந்திருந்தால் இருந்த பார்வையையாவது காப்பாற்றியிருக்கலாம், போனது இனி வராது என்று அவர் சொன்னதும் செயலாளருக்கு நேராகவே புரிந்துவிட்டது. பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தேன் என்று கன்னடத்தில் பதில் சொன்னார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது எனக்கும் அதே நோய்தான். ஒசூரில் பேக்டரிகளுக்கு நடுவே உள்ள ஒரு கண் மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர், சீக்கிரம் வந்தது நல்லதாப் போச்சு தாத்தா என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தாள். தினமும் இரண்டு வேளை விட்டுக்கொள்கிறேன். எனக்கு இன்னும் கண் தெரிகிறது. அதை நினைத்துச் சந்தோஷப்பட என்னால் முடிந்ததில்லை.

வேலையை விட்ட பிறகு செயலாளர் கடைசியாக ஒரு கூட்டத்துக்கு வந்தார். மூத்த பெண் கையைப் பிடித்து அழைத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். பொறுப்பை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, கடைசியாக ஒரு தீர்மானம் கொண்டுவர அனுமதி கேட்டார். இரண்டு வருஷம் தன் பள்ளியையும் தன் மானத்தையும் காப்பாற்றிய சங்க உறுப்பினர்களுக்கு மனமார்ந்த நன்றி என்பது தீர்மானம். "யாராச்சும் வழிமொழியுங்க" என்றார்.

பேரிகைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ராயக்கோட்டை டீச்சர் எழுந்து வழிமொழிவதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் செயலாளர். கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"எல்லாரும் தூக்கிட்டாங்களா?" என்று என் பக்கமாகத் திரும்பிக் கேட்டார்.

நான் சுற்றிப் பார்த்தேன். ஒரு கைகூட மேலே இல்லை. என் கையும்தான்.

"தூக்கிட்டாங்க சார்."

அவர் சிரித்தார். "அப்ப ஏகமனதான்னு எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன்.