வெந்நீர்த் தொட்டிக்கு ஒரு மூடி

யுத்த காலத்தில் தன்னாமுனைப் பக்கம், வாவிக்கரையோரமாக இருந்த ஒரு மறுவாழ்வு இல்லத்தில் வேலை செய்தேன். காலில் உணர்வு போனவர்களுக்கும் இளம்பிள்ளைவாதம் வந்தவர்களுக்கும் பயிற்சி கொடுப்பது என் வேலை. அங்கே ஒரு நீச்சல் தொட்டி இருந்தது. யுத்தத்துக்கு முன்னர் வெளிநாட்டுப் பாதிரியார் ஒருவர் கட்டுவித்தது. நெஞ்சளவு ஆழம். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தால்தான் இறுகிய கால்கள் இளகும். குளிர்ந்துவிட்டால் அவை வெட்டி வெட்டி இழுக்கும்.

விறகு எரித்துத்தான் தண்ணீரைச் சூடாக்கினோம். உன்னிச்சைப் பக்கத்திலிருந்து ஒருவர் கிழமைக்கு இரண்டு தடவை உழவு இயந்திரத்தில் விறகு கொண்டு வருவார். மாரி தொடங்கி வாவிப் பக்கமிருந்து காற்று அடித்தால், காலையில் ஏற்றிய சூடு மத்தியானத்துக்குள் போய்விடும். அந்த மாரியில் ஒருநாள் அவர் விறகை இறக்கிவிட்டு என்னிடம் வந்தார்.

“எனக்கு முன்னால வந்த உழவு மெசின் கண்ணிவெடியில போயிற்று, புள்ள. ஓட்டினவன்ட செருப்பு ஒண்டுதான் றோட்டுல கிடந்த. இனிக் கிழமைக்கு ஒருக்காத்தான் வருவன்.”

இல்லத்துக்குப் பொறுப்பான கன்னியாஸ்திரியை நாங்கள் மதர் என்போம். அவர் என்னைக் கூப்பிட்டார். “அவரை இன்னும் வாங்க எண்டு கேட்க எனக்கு வாய் வராது. இருக்கிற சூட்டைப் பிடிச்சு வைக்க வழி பாருங்க. எது மலிவு எண்டும் பாருங்க.”

தொட்டியைச் சுற்றித் தகரம் அடிப்பதற்கு எங்களிடம் காசு இல்லை. தென்னோலைக் கிடுகு வேலி மலிவு, ஆனால் ஒரு மாரிக்கே உக்கிப்போகும். பொலித்தீன் விரித்துத் தண்ணீரையே மூடுவது இரண்டுக்கும் நடுவில் வந்தது. மூன்று பீப்பாய்களில் சுடுதண்ணீர் நிரப்பிப் பார்த்தேன். ஒன்றைத் திறந்தபடி விட்டேன். ஒன்றைச் சுற்றிக் கிடுகு கட்டினேன். மூன்றாவதன் வாயைப் பொலித்தீனால் மூடினேன். பின்னேரம் கையை விட்டபோது மூடியதில் மட்டும் சூடு நின்றது. சூடு ஆவியாக மேலால்தான் போகிறது என்று அப்போதுதான் விளங்கியது. கிடுகு காற்றைத் தடுத்ததே தவிர ஆவியைத் தடுக்கவில்லை.

மறுநாள் காலை பட்டணத்துக்குப் போய் ஒரு சுருள் பொலித்தீன் வாங்கினேன். அதைச் சுற்றிக் கட்டிய கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, “பில்லைப் பத்திரமா வைங்க, தங்கச்சி. இதைக் கண்டா ஆமிக்காரங்க கேப்பாங்க” என்றார். வாவிக்கு அங்கால், காட்டுக்குள் இயக்கப் போராளிகள் கூடாரம் போடவும் பொலித்தீன்தான் போகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அது எனக்கு ஏன் கடைக்குப் போகும்முன் தோன்றவில்லை?

சோதனைச்சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். சுருளைக் கண்டதும் என்னை மட்டும் இறக்கினார்கள். பஸ் போய்விட்டது. மண்மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு அதிகாரி வந்தார். தமிழ் ஓரளவு பேசினார்.

“இது யாருக்கு?”

“எங்கட நீச்சல் தொட்டிக்கு, சேர்.”

அவர் சிரித்தார். “சண்டை நடக்குது. நீங்க நீச்சல் அடிக்கிறீங்க?”

பில்லைக் காட்டினேன். நோயாளிகளின் கால்களைப் பற்றி, தண்ணீர் ஆறுவதைப் பற்றி, பீப்பாய்களைப் பற்றியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, போய்ப் பார்ப்பம்” என்றார்.

அந்தச் சொல்லில்தான் எனக்கு உயிர் போனது. இல்லத்தில் ஷெல் காயத்தோடு மூன்று ஆண்கள் இருந்தார்கள். இரண்டு பேர் இருபது வயதைத் தாண்டாதவர்கள். காயம்பட்ட இளைஞனைக் கண்டால் இராணுவம் என்ன நினைக்கும் என்று யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. சுருளை அங்கேயே போட்டுவிட்டு, எனக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அதற்குள் என்னை ட்ரக்கில் ஏறச் சொல்லிவிட்டார்கள். வழி முழுக்க அந்த இரண்டு பேரின் முகமும் கண்ணுக்குள் நின்றது.

வாசலுக்கு வந்த மதர் என்னையும் துப்பாக்கிகளையும் பார்த்தார். பிறகு கதவைத் திறந்துவிட்டார்.

தொட்டிக்குள் அந்த மூவரில் மூத்தவரான பெரியகல்லாற்று மீனவர் கம்பியைப் பிடித்தபடி நின்றார். இளைஞர்கள் இருவரும் கரையில், சக்கர நாற்காலியில். அதிகாரி குந்தி இருந்து தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தார். பிறகு மீனவரைக் கேட்டார்:

“உனக்கு எப்படிக் காயம்?”

“வலை இழுக்கக்குள்ள ஷெல் விழுந்த, ஐயா.”

“யார் அடிச்ச ஷெல்?”

மீனவர் என்னைப் பார்த்தார். “வானத்தில இருந்து வந்த, ஐயா. நான் ஆளைக் காணல்ல” என்றார்.

அதிகாரி எழுந்தார். மூன்று ஆண்களின் அடையாள அட்டைகளையும் வாங்கி, இலக்கங்களை ஒரு குறிப்புக் கொப்பியில் நிதானமாக எழுதினார். அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார். சுருளைத் தொட்டிக்கரையில் போடச் சொன்னார். “மூடுங்க. நான் திரும்பி வந்து பார்ப்பன்.” ட்ரக் புறப்பட்டுப் போனபின் நான் கிணற்றடிக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

அன்று பின்னேரமே தொட்டியை மூடினோம். காலையில் விலக்கியபோது ஆவி முகத்தில் அடித்தது. விறகு பாதியாகக் குறைந்தது. கிழமைக்கு ஒரு உழவு இயந்திரச் சுமை போதுமாக இருந்தது. விறகுக்காரர் அந்த மாரியை உயிரோடு கடந்தார்.

ஆனால் இலக்கம் எழுதப்பட்ட நாலாம் நாள் அந்த இளைஞர்களின் வீட்டார் வந்து நின்றார்கள். “அந்த ஆமிக்காரன் திரும்பி வருவன் எண்டவனாமே” என்றாள் ஒருவனுடைய தாய். இன்னும் இரண்டு மாதம் பயிற்சி கொடுத்தால் ஊன்றுகோலில் நடப்பான் என்றேன். அவள் மகனின் உடுப்புகளை மூட்டையாகக் கட்டினாள். இரண்டு பேரையும் வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். அதன்பின் அவர்கள் எங்கே என்று எனக்குத் தெரியாது.

அதிகாரி திரும்பி வரவேயில்லை. ஆனாலும் அந்த மாரி முடியும்வரை றோட்டில் ட்ரக் சத்தம் கேட்டால் போதும், தண்ணீருக்குள் நான் பிடித்திருந்த மீனவரின் கால்களை என்னை அறியாமலே இறுக்கிவிடுவேன். “புள்ள, விடுகா, அது அங்கால போயிற்று” என்பார் அவர்.