வாயசைத்த பாட்டு

“…பாடச் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? படத்தில் வருவது என் குரலே இல்லை!” என்று ஆங்கிலத்தில் பதறி, வசந்தியின் கையைப் பிடித்துக்கொள்கிறார் அந்த அம்மாள். ஒரு காலத்தில் ஹாலிவுட் கதாநாயகி. ஒரே பாட்டால் ஊரெல்லாம் பேர் வாங்கியவர். குட்டு உடைந்துவிடுமோ என்று பயந்தே சீக்கிரம் நடிப்பை விட்டுவிட்டாராம்.

டெக்சஸில், ஆலன் ஊரில் அவர் தங்கியிருக்கும் முதியோர் இல்லம். இங்கே வேலை பார்க்கும் வசந்தியைப் பார்க்க வந்த நான், மேடையோரம் நிற்கிறேன். ஹாலில் அவருடைய பழைய படம் முடிந்து, “பாட்டு, பாட்டு” என்று கைதட்டுகிறார்கள்.

வசந்தி என் பக்கம் திரும்புகிறாள். “இதுக்கா ஆன்ட்டி இவ்ளோ டென்ஷன்? நம்ம ஊர்ல எத்தனை ஹீரோயின் சொந்தக் குரல்ல பாடினாங்க? பாடறவங்க பேர் டைட்டில்லயே வருமே!” அதையே அவரிடமும் ஆங்கிலத்தில் சொல்கிறாள்.

“பேரையே போடுவார்களா?” என்று நம்பாமல் கேட்கிறார் அவர்.

பிறகு மெல்ல மேடையேறி, மைக்கில் தனக்காகப் பாடிய பாடகியின் பெயரைச் சொல்கிறார். வசந்தி ஃபோனில் பாட்டைப் போடுகிறாள். அவர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு வாயசைக்கிறார். பாடியவள் மூச்சு வாங்கும் இடத்தில் இவரும் வாங்குகிறார்.