பாயை இறக்கிய கச்சேரி

பேத்தி கல்யாணத்துக்குப் போட்ட ஷாமியானா காற்றில் படபடக்கிறது. அந்தச் சத்தம் எனக்கு ஆகவே ஆகாது.

சின்ன வயதில் மாரியூர்க் கடற்கரையில் ஒரு கச்சேரி. ஏற்பாடெல்லாம் என் அய்யா. மைக் செட்டுக்கும் பெஞ்சுக்கும் அலைந்து கத்தியே தொண்டை கட்டிப்போனவர், மேடைக்குக் கூரை கிடைக்காமல் ஒரு மீன்பிடி வள்ளத்தின் பாய்த்துணியைக் கட்டச் சொன்னார். கட்டியவர்கள் கடலுக்குப் போகிறவர்கள்.

பாடகர் ராகத்தை இழுக்கும்போது கச்சான் காற்று கிளம்பிப் பாய் புடைத்தது.

"ஏலே, பாயை எறக்கு!" என்று கட்டியவர்களில் ஒருவர் கத்தினார்.

பழகிய கைகள் கயிற்றை அவிழ்த்துவிட்டன. பாய் பாடகர் தலைமேல் விழுந்தது.

"இது மேடையா, வள்ளமாலே?" என்று அய்யா தலையிலடித்துக்கொண்டார்.

"காத்தடிச்சா பாயை எறக்காம வேற என்னண்ணே செய்ய?"

இப்போது ஷாமியானாக்காரரிடம், "கட்டு பலந்தானே?" என்றேன்.

"கவலப்படாதீக. கட்டுனது பூராம் பாம்பன் வள்ளக்காரவுக."

நாற்காலியைத் தூக்கி வெயிலில் போட்டு உட்கார்ந்தேன்.