செருகாமல் விட்ட வயர்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பஹீம் பொய்யே சொல்லாத ஆள் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். "நாளைக்குக் கட்டாயம் தாரேன்" என்று ஒரு நாளைக்கு நாலு பேரிடமாவது சொல்வான். ஆனால் இதைச் சொன்னபோது அவன் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்ததை நான் கண்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

போன நவம்பர், வியாழக்கிழமை. பிற்பகல் 3.40. நல்ல மழை. பன்விலயிலிருந்து ரவிகுமார் ஆட்டோவில் வந்து இறங்கினான். பின் சீட்டில் பாகம் பாகமாகச் சேர்த்துப் புத்தம் புதிதாகப் பூட்டிய கம்ப்யூட்டர். பஹீமை அவன் அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவான்.

"நானா, உள்ளுக்குள்ள இருக்கிற காத்தாடி சுத்துதாம். ஸ்க்ரீன்ல ஒண்ணும் வரலையாம். நாளைக்கு ஒம்பது மணிக்கு என் சம்சாரம் சஞ்சீவனிக்கு இதுலதான் இன்டர்வியூ. வீட்டுல இருந்தே செய்யிற வேல. இதை விட்டா புள்ளய விட்டுட்டு அவ கொழும்புக்குத்தான் போகணும். புள்ளைக்கு ஏழு மாசம்தான் நானா..."

"யாரு பூட்டின?"

"வத்தேகமயில ஒருத்தரு. அவரால வர ஏலாது."

பெட்டியை ரவிகுமார் தொடவே இல்லை. மாப்பிள்ளை மாதிரி நிற்கிறானே என்று மனத்துக்குள் திட்டிக்கொண்டு பஹீம்தான் உள்ளே தூக்கி வந்தான். ரவிகுமார் கடைக்குள் கால் வைக்காமல் வாசலிலேயே நின்றான்.

4.10. காத்தாடி சுற்றியது. திரை கறுப்பு. மெமரியைக் கழற்றி, அதன் பல்லை அழிறப்பரால் தேய்த்து, திரும்பவும் பூட்டினான். கறுப்புத்தான்.

4.25. வெளியே மழை இருட்டு. பஹீம் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு உட்கார்ந்து, பெட்டிக்குள் தலையை நுழைத்தான். பின்னால் யாரோ வந்து நிற்கும் காலடிச் சத்தம். ரவிகுமார்தான் உள்ளே வந்துவிட்டான் என்று நினைத்தான்.

"போன் லைட்ட கொஞ்சம் அடிங்க."

வெளிச்சம் வந்தது.

"இடப்பக்கம்."

நகர்ந்தது.

பிறகு அவன் சொல்லாமலே வெளிச்சம் நகர்ந்தது. மேலே போனது... போர்டின் ஒரு மூலையில் நின்றது. அங்கே, கட்டி வைத்த வயர்களுக்குப் பின்னால், ப்ராசஸருக்குக் கரண்ட் கொடுக்கும் வயர் செருகாமல் தொங்கியது. பஹீமுக்குச் சிரிப்பு வந்தது. இந்தச் சின்ன விஷயத்துக்கா இவ்வளவு பாடு!

வயரைப் பிடிக்கக் கையை நீட்டினான்.

டக்.

சுவர் சுவிட்ச். அதன் சிவப்பு விளக்கு எரிந்தது. எட்டி அணைத்தான்.

"அதத் தொடாதீங்க, ரவி. கரண்ட் அடிச்சிரும்."

மறுபடி கையை நீட்டினான்.

டக்.

ஆத்திரத்தில் ப்ளக்கையே சுவரிலிருந்து பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டான். தற்செயலாக வாசல் கண்ணாடியைப் பார்த்தான்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம், தேநீர்க் கடை.

ரவிகுமார் அங்கே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

வெளிச்சம் இன்னும் பின்னாலிருந்து அடித்தது.

4.31.

கழுத்து திரும்பவில்லை. பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள். வெளிச்சம் அந்த வயரை விட்டு அசையவே இல்லை.

செருகினான்.

க்ளிக்.

காத்தாடி சுற்றத் தொடங்கியது...

ப்ளக் அவன் மடியில் கிடந்தது.

பீப்.

திரை வெளுத்தது. பின்னால் வெளிச்சம் அணைந்தது.

திரும்பினான். யாரும் இல்லை.

தலை நனைய ஓடி வந்த ரவிகுமார் வாசலில் நின்று கேட்டான். "சரியா நானா?"

பஹீம் வாயைத் திறந்தான். சொன்னால் இவன் இதை எடுத்துப் போக மாட்டான். இரவெல்லாம் இந்தச் சாமான் கடையிலேயே கிடக்கும்.

"எல்லாம் சரி. கொண்டு போங்க."

மறுநாள் காலை 10.05. ரவிகுமாரின் போன் கோல்.

"நானா, அவளுக்கு வேல கெடச்சிருச்சு." குரலில் துளி சந்தோஷம் இல்லை.

"அல்ஹம்துலில்லாஹ்."

"இன்டர்வியூ செஞ்ச மேடம் கேட்டாங்களாம்... ஒங்களுக்குப் பின்னுக்கு லைட் புடிச்சிக்கிட்டு நிக்கிறவரு யாரு, அவர வெளிய போகச் சொல்லுங்கன்னு. அறையில அவ மட்டும்தான் நானா இருந்தா."

ரவிகுமார் உடைந்து அழுதான்.

"அதப் பூட்டின அஜந்தன் செவ்வாக்கெழம பின்னேரம் செத்துட்டாரு. பூட்டிக்கிட்டு இருக்கையிலயே கரண்ட் அடிச்சிருச்சு. ஒரு வயரப் புடிச்ச கைய விரிக்கவே ஏலாம இருந்துச்சாம். சாவு வீட்டுலருந்துதான் நான் எடுத்துட்டு வந்தேன். சொன்னா யாரும் தொட மாட்டாங்கன்னு மறைச்சிட்டேன், நானா."

"சஞ்சீவனிக்குத் தெரியுமா?"

"சொல்லல. சொன்னா அவ அதுக்கு முன்னால உக்காரவே மாட்டா."

திங்கட்கிழமை அவள் வேலை தொடங்கினாள். தினம் எட்டு மணித்தியாலம். வேலை நேரத்தில் அறைக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது, கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் இருக்க வேண்டும் என்பது அந்தக் கம்பனியின் சட்டம். பஹீமிடம் அவளுடைய நம்பர் இருக்கிறது. இன்றுவரை அவனும் எடுத்துச் சொல்லவில்லை.